பதினோரு வரி மகஜர்

விவேக் நகர்,
17 ஜூலை 2022

தம்பி பீட்டருக்கு,

அக்கா ஆஞ்சலா எழுதுவது. மூன்று தடவை உன்னைப் பார்க்க ஜெயிலுக்கு வந்தேன். மூன்று தடவையும் "அவருக்குப் பார்க்க இஷ்டம் இல்லையாம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கிளினிக்கில் டாக்டரிடம் கெஞ்சி லீவு வாங்கி, இரண்டு பஸ் மாறி, வெயிலில் வரிசையில் நின்றால் இதுதான் பதில். உனக்காகக் கொண்டுவந்த பன்னையும் வாழைப்பழத்தையும் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்து நானே தின்றேன். கோபம் வந்தால் எனக்குப் பசியும் வருகிறது.

காரணத்தை உன் வக்கீல் பாமா மேடம் சொன்னார்கள். குற்றப்பத்திரிகையில் என் கையெழுத்தைப் பார்த்தாயாம். சோதனை போட்ட இடத்தில் என்னென்ன கிடைத்தது என்று போலீஸ் எழுதுகிற காகிதத்துக்கு மகஜர் என்று பெயராம். உன் சந்தாபுரா அறையில் இருநூறு நோட்டீஸ் கிடைத்ததாக அதில் இருக்கிறதாம். காண்ட்ராக்டர் ஆபீசைக் கொளுத்துங்கள் என்று அச்சடித்த நோட்டீஸ். என் கண் முன்னால் எடுத்தார்களாம்.

குழந்தை இயேசு மேல் ஆணையாகச் சொல்கிறேன், அன்று அவர்கள் எடுத்தது உன் பச்சை அட்டை நோட்டு ஒன்றுதான். உன்னைப் பிடித்துக்கொண்டு போன மறுநாள், மாற்றுச் சாவி என்னிடம் இருப்பது தெரிந்து என்னைக் கூப்பிட்டார்கள். திறந்துவிட்டேன். அரை மணி நேரம் புரட்டினார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் கட்டில் மேல் உட்கார்ந்து ஏதோ எழுதி நீட்டினார். "கன்னட ஓதோக்கே பருத்தாம்மா?" வாசிக்க வருமா என்று கேட்டார். "பருத்தே சார்," வரும் என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நான்கு மாதமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பிறந்தது கோலார் தங்கவயல். ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் இந்த மாநிலத்தைத் தாண்டி வாழ்ந்ததில்லை. நான் கன்னடம் பேசினால் கிளினிக்கில் ஒருவரும் வித்தியாசம் கண்டுபிடிக்க மாட்டார்கள். எழுத்துதான் தெரியாது. அதைப் போலீஸ்காரரிடம் சொன்னால் அடுத்து "நீவு எல்லிந்த பந்தித்தீரா?" என்று கேட்பார். எங்கிருந்து வந்தீர்கள் என்கிற அந்தக் கேள்விக்குப் பயந்தேன், பீட்டர். காகிதத்தை மேலிருந்து கீழே வாசிப்பதுபோல் பார்த்தேன். தலையை வேறு ஆட்டினேன். இங்கிலீஷில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

திட்டுவதானால் முகத்தைப் பார்த்துத் திட்டு.

அக்கா


சிறை,
5 செப்டம்பர் 2022

அக்கா,

கடிதம் வந்தது. இங்கே தமிழ் தெரிந்த அதிகாரி ஒருவர் படித்து முத்திரை குத்திய பிறகுதான் எனக்குக் கொடுப்பார்கள். ஆகவே உன் வாழைப்பழக் கதை அவருக்கும் தெரியும்.

தொம்மலூரில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் செக்யூரிட்டி ஆட்களுக்கும் ஹவுஸ்கீப்பிங் பெண்களுக்கும் நான் என்ன சொல்லிக்கொடுத்தேன் என்று ஒருநாளும் நீ கேட்டதில்லை. முன்னூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் ஒருவர் இருந்தார். தொழிலால் வைத்தியர். அரசுக்குப் பயந்து சில காலம் ஹாலந்தில் ஒளிந்திருந்தவர். சட்டம் இருப்பது மனிதனின் சுதந்திரத்தைக் காக்கத்தான், பறிக்க அல்ல என்றார். நம்பி அதிகாரம் கொடுத்தவர்களின் உயிரையும் உடைமையையும் அரசே பறித்தால் அதற்குக் கட்டுப்பட வேண்டியதில்லை என்றார். உலகம் முழுக்கக் கல்லூரியில் நடத்துகிற பாடம் இது, என் கல்லூரியில் நானும் நடத்தினேன். இதைத்தான் பச்சை நோட்டில் தமிழில் எழுதி வைத்தேன். என்னைப் பிடித்த வாரம் ஹவுஸ்கீப்பிங் காண்ட்ராக்டர் நாற்பது பெண்களை வேலையை விட்டு நிறுத்தினான். மறுநாள் அவன் ஆபீஸ் எரிந்தது. கொளுத்தியது யார் என்று எனக்குத் தெரியாது.

ஒரு நோட்டை வைத்து என்னை உள்ளே போட முடியாது. நோட்டீஸ் இருந்தால் முடியும். நோட்டீசை அவர்களுக்கு உண்டாக்கிக் கொடுத்தது நீ.

அந்த வைத்தியர் இன்னொன்றும் சொல்வார். ஒரு விஷயத்துக்கு எவ்வளவு ஆதாரம் நம் கண்ணில் படுகிறதோ அந்த அளவுக்குத்தான் அதற்குத் தலையாட்ட வேண்டும். அடுத்தவர் அறிவை இரவல் வாங்கி நாம் எதையும் அறிய முடியாது. நீ இன்ஸ்பெக்டரின் கண்ணை இரவல் வாங்கினாய். என்னவென்று தெரியாத காகிதத்தில் கையெழுத்துப் போட்டுத் தம்பியைக் கொடுத்தாய். படிக்கத் தெரியாதது குற்றமில்லை. படித்ததாக நடித்தாயே, அதற்கு என்ன பெயர்?

பார்க்க வராதே.

பீட்டர்


விவேக் நகர்,
20 நவம்பர் 2022

பீட்டருக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. கோபம் வந்தால் பசிக்கிறது என்று போன தடவை எழுதினேன். இது கோபம் இல்லை போலிருக்கிறது.

உனக்கு ஜாமீன் கிடையாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். பாமா மேடம் எடுத்துச் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, மகஜரில் சொந்த அக்காவே கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்களாம். ஹைகோர்ட்டுக்குப் போகலாம் என்கிறார்கள்.

நடித்ததற்கு என்ன பெயர் என்று கேட்டாய். அதனால் சிவாஜி நகரில் போய் ஒன்றாம் வகுப்புக் கன்னடப் புத்தகம் வாங்கினேன். கடைக்காரன் "பேரப் பிள்ளைக்கா?" என்றான். ஆமாம் என்றேன். மறுபடியும் பொய். புத்தகத்தைவிட பஸ் போர்டுதான் எனக்கு நல்ல வாத்தியார். எந்த பஸ் எங்கே போகும் என்று தெரியும், அப்படியானால் இந்த எழுத்து இன்னதுதான் என்று பிடித்துவிடலாம். வியாழக்கிழமை குழந்தை இயேசு கோயில் கூட்டத்தில் பஸ் நகராது. அன்றைக்கு நாலு எழுத்து அதிகம் வரும். தமிழில் ஒரே 'க'வை வைத்துக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறோம். இவர்களுக்கு நாலு இருக்கிறது. எதற்கு இத்தனை என்று தெரியவில்லை.

பாமா மேடத்திடம் மகஜர் நகலை வாங்கி வைத்திருக்கிறேன். "அதுல என்ன இருக்குன்னு நானே சொல்றேனே, ஒங்களுக்கு எதுக்கு?" என்றார்கள். வேண்டும் என்றேன். பதினோரு வரி. அதை நானே படிக்கிற வரைக்கும் உன்னைப் பார்க்க வரமாட்டேன். போதுமா?

ஆஞ்சலா


சிறை,
11 பிப்ரவரி 2023

அக்கா,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தோடு நீ பஸ் ஸ்டாப்பில் நிற்பதை நினைத்துப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது, எனக்கு.

மனம் என்பது முதலில் எதுவும் எழுதாத வெள்ளைத்தாள், அனுபவம்தான் அதில் எழுதுகிறது என்றார் அந்த வைத்தியர். குழந்தைகளைப் பற்றித்தான் சொன்னார் என்று இத்தனை நாள் பாடம் நடத்தினேன். ஐம்பத்திரண்டு வயதுக்காரி ஒருத்தியிடமும் அப்படி ஒரு தாள் மிச்சம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. படி அக்கா. அந்தப் பதினோரு வரியை விடாதே. நீயாகப் படித்துத் தெரிந்துகொண்டதை உன்னிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

அவர் சொன்ன ஓர் உதாரணம் இங்கே அடிக்கடி ஞாபகம் வருகிறது. தூங்குகிற ஒருவனைத் தூக்கிக்கொண்டு போய் ஓர் அறைக்குள் விட்டு, வெளியே பூட்டிவிடுகிறார்கள். உள்ளே அவனுக்கு மிகவும் பிடித்த ஆள் ஒருவர் இருக்கிறார். விழித்தவன் ஆசையாகப் பேசிக்கொண்டிருக்கிறான். கதவுப் பக்கம் போகவே இல்லை. அவன் விரும்பித்தான் அங்கே இருக்கிறான், ஆனாலும் சுதந்திரமாக இல்லை. இதைச் சொன்னால் வகுப்பில் சிரிப்பார்கள். என் அறையில் நாற்பது பேர். பிடித்த ஆள் ஒருவரும் இல்லை. அதனால் எனக்கு அந்தக் குழப்பம் கிடையாது.

இப்போது வா என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் எங்களில் இருபது பேரை வடக்கே வேறு ஜெயிலுக்கு மாற்றப்போவதாகச் சொல்லிவிட்டார்கள், இடம் போதவில்லையாம். பன்னிரண்டு மணி நேரப் பயணம். உன் முதுகுவலியோடு வரவேண்டாம். ஹைகோர்ட்டிலும் ஜாமீன் இல்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கும்.

பீட்டர்


விவேக் நகர்,
10 டிசம்பர் 2023

அன்புத் தம்பிக்கு,

படித்துவிட்டேன்.

ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அச்செழுத்து என்றால் சீக்கிரம் வந்திருக்கும். இது இன்ஸ்பெக்டர் கையெழுத்து, கோழி கிளறின மாதிரி. தினமும் கிளினிக்கில் முதல் பேஷன்ட் வருவதற்குள் ஒரு வரி. சந்தேகம் வந்தால் டாக்டர் சுஹாசிடம் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் வேறு தாளில் வரைந்து காட்டிக் கேட்பேன். முழுதாகக் காட்டவில்லை. இது நம் வீட்டு விஷயம்.

ஏழாவது வரியில் நான் இருக்கிறேன். 'மேற்படியாரின் அக்கா ஆஞ்சலா என்பவரின் முன்னிலையில்.' அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது, சொன்னால் அடிப்பாய். என் பெயரை அந்த எழுத்தில் நான் பார்த்ததே இல்லை. அடுத்த வரியில் இருநூறு நோட்டீஸ். கடைசி வரியில், இதைப் படித்துப் பார்த்து சரி என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன் என்று நான் சொன்னதாக இருக்கிறது. நான் அப்படி ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆனால் தலையை ஆட்டினேனே. உன் வைத்தியர் இதற்கு என்ன சொல்வார்? வாயைத் திறக்காமல் இருந்தால் சம்மதமா?

கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது. போலீஸ் தரப்பின் ஏழாவது சாட்சி நான். பாமா மேடம் தெம்பாகப் பேசுகிறார்கள். "மொத்தக் கேசும் அந்த நோட்டீஸ் மேலதான் நிக்கறது. மகஜர்ல இன்னொரு சாட்சி ஸ்டேஷன் வாசல் டீக்கடைக்காரன், எல்லா கேசுக்கும் அவன்தான் வருவான். நீங்க கன்னடம் படிக்கத் தெரியாம கையெழுத்துப் போட்டேன்னு உண்மையச் சொல்லுங்கோ, போறும்" என்றார்கள். நான் இப்போது படிக்கக் கற்றுக்கொண்டதை அவர்களிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமா? உன்னைத்தான் கேட்கிறேன்.

அக்கா


சிறை,
21 ஜனவரி 2024

அக்கா,

நீ அந்தப் பதினோரு வரியைப் படித்துவிட்டாய் என்றதும் பக்கத்தில் இருந்தவரைக் கட்டிப்பிடித்தேன். ஆள் பயந்துவிட்டார்.

நீ கேட்டதற்கு வருகிறேன். ஒரு நாட்டுச் சாலையில் நடந்துபோகிறவன்கூட அந்த நாட்டுச் சட்டத்துக்கு வாய்திறக்காமல் சம்மதித்தவன்தான் என்று வைத்தியர் எழுதியிருக்கிறார். ஆகவே உன் தலையாட்டலை அவர் உனக்கு எதிராகத்தான் எடுத்துக்கொள்வார். பெரிய மனிதர்களுக்கும் ஓட்டைகள் உண்டு. சுதந்திரத்தைப் பற்றி அத்தனை எழுதியவர் அடிமைகளை விற்கிற கம்பெனியில் பங்கும் வைத்திருந்தார். வகுப்பில் நான் அதை வேகமாகத் தாண்டிவிடுவேன்.

பாமா மேடத்திடம் சொல்ல வேண்டுமா? அவர்களுக்கு ஆயிரம் கேஸ். இது சின்ன விஷயம், சொல்ல வேண்டாம். சோதனை நடந்த அன்று உனக்கு வாசிக்கத் தெரியாது என்பது உண்மை. இன்று தெரியும் என்பதும் உண்மை. இரண்டு உண்மைகள் ஒன்றோடொன்று சண்டை போடாது. கோர்ட்டில் கேட்டால் இரண்டையும் சொல். நேர்மையாகக் கற்றுக்கொண்டதை எதற்கு மறைக்க வேண்டும்?

அன்று என்னைப் பெங்களூருக்குக் கூட்டிவரமாட்டார்கள். இங்கிருந்தே வீடியோவில் காட்டுவார்கள். உன்னைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது.

பீட்டர்


சிறை,
13 மார்ச் 2024

அக்கா,

நேற்று உன்னைப் பார்த்தேன். முடி நிறைய நரைத்திருக்கிறது. நீல நிறப் புடவை, புதுசா?

படம் வந்தது, சத்தம் வரவில்லை. சொன்னேன், கான்ஸ்டபிள் எதையோ தட்டிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். கோர்ட்டில் இருந்தவர்களுக்கு அது தெரியாது போலும். ஊமைப்படம் பார்ப்பதுபோல் இருந்தது. முதலில் நீ கையைக் கட்டிக்கொண்டு பேசினாய். பாமா மேடம் தலையசைத்தார். பிறகு அரசு வக்கீல் ஒரு காகிதத்தைக் கொடுத்தார். நீ கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தாய். நீ வாசிக்க வாசிக்க ஜட்ஜ் நிமிர்ந்து உன்னையே பார்த்தார். அக்கா, உன் முகத்தில் அப்படி ஒரு பிரகாசத்தை நான் இதற்கு முன் பார்த்ததில்லை. முடித்ததும் நிமிர்ந்து நேராக கேமராவைப் பார்த்தாய். என்னைத்தான் பார்க்கிறாய் என்று நானும் கையைத் தூக்கினேன். அத்தோடு படமும் போய்விட்டது.

ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறேன். இந்த இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நேற்று நன்றாகத் தூங்கினேன். என்ன நடந்தது என்று ஒன்று விடாமல் எழுது.

பீட்டர்


விவேக் நகர்,
24 மார்ச் 2024

பீட்டர்,

உனக்குச் சத்தம் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. எல்லாம் கேட்டிருப்பாய், அதனால்தான் கடிதம் வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உன் கடிதத்தைப் பார்த்த பிறகு எப்படி எழுதுவது என்று தெரியாமல் மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் எல்லாம் சரியாகத்தான் போனது. நோட்டீஸ் எதையும் நான் பார்க்கவில்லை, நோட்டு ஒன்றுதான் எடுத்தார்கள், கன்னடம் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்துப் போட்டேன் என்று கன்னடத்திலேயே சொன்னேன். உடனே அரசு வக்கீல் எழுந்து, சாட்சி பிறழ்ந்துவிட்டார், குறுக்கு விசாரணைக்கு அனுமதி வேண்டும் என்றார். பக்கத்தில் வந்தார். நல்லபடியாகத்தான் பேசினார். "இஷ்டு செனாகி கன்னட மாத்தாட்தீரா, ஓதோக்கே பரல்வா?" இவ்வளவு நன்றாகப் பேசுகிறீர்களே, வாசிக்க வராதா என்றார். "ஆவாக பர்த்திர்லில்லா சார்" என்றேன். அப்போது வராது என்று. "ஈவாக?" இப்போது என்று கேட்டார்.

பொய் சொல்லியிருக்கலாம். வராது என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தை நாக்கு வரைக்கும் வந்தது. அன்றைக்கு இன்ஸ்பெக்டரிடம் தெரியும் என்று பொய் சொல்லி உன்னைக் கெடுத்தேன். இன்னொரு பொய் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. நீயும் இரண்டையும் சொல் என்று எழுதியிருந்தாய். பருத்தே என்றேன். அந்த மகஜரையே கையில் கொடுத்து "ஓதி," வாசியுங்கள் என்றார்.

வாசித்தேன். ஒரு இடத்தில்கூடத் திக்கவில்லை. பதினோரு வரியையும் கணீரென்று வாசித்தேன். என் முகம் பிரகாசமாக இருந்தது என்கிறாயே, இருந்திருக்கும். உனக்காக வாசித்தேன். பார் தம்பி, உன் அக்கா இப்போது நடிக்கவில்லை என்று காட்டுவதற்கு வாசித்தேன். கடைசி வரி முடியும் வரைக்கும் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. நிமிர்ந்தபோது பாமா மேடம் முகத்தில் ரத்தமே இல்லை.

"சாட்சி தங்குதடையின்றி வாசிக்கிறார்" என்று ஜட்ஜ் டைப்பிஸ்டிடம் சொன்னார். பிறகுதான் கற்றுக்கொண்டேன், பஸ் போர்டு பார்த்துக் கற்றுக்கொண்டேன் என்று சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். "ஐம்பத்து மூன்று வயதில், பஸ் போர்டு பார்த்து, போலீஸ் கையெழுத்தை வாசிக்கிற அளவுக்கா?" என்றார் அரசு வக்கீல். பாமா மேடம் எழுந்து யாரிடமோ கன்னடப் பேப்பர் வாங்கிக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். திக்கித் திணறி இரண்டு வரி வாசித்தேன். அரசு வக்கீல், "இப்போது நடிக்கிறார்" என்றார்.

நடிக்கவில்லை, பீட்டர். எனக்குக் கன்னடம் சரளமாக வாசிக்க வராது. அந்தப் பதினோரு வரி மட்டும்தான் வரும். ஒரு வருஷமாக வேறு எதையும் நான் படிக்கவில்லை.

வெளியே வந்ததும் பாமா மேடம் திட்டவில்லை. "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டார்கள். நீ சொல்ல வேண்டாம் என்றாய் என்று நான் சொல்லவில்லை.

புடவை பழசுதான். கஞ்சி போட்டிருந்தேன்.

அக்கா


விவேக் நகர்,
16 ஜூன் 2024

பீட்டர்,

மூன்று மாதமாக உன்னிடமிருந்து பதில் இல்லை. முதல் தடவை நீ பேசாமல் இருந்தபோது நான் சண்டை போட்டேன். இந்தத் தடவை எனக்குச் சண்டை போட வாயில்லை.

புத்தகத்தைப் பழைய பேப்பர்காரனிடம் போட்டுவிட்டேன். எழுத்தை மறந்துவிடலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. பஸ் வந்தால் நான் வேண்டாம் என்றாலும் கண் வாசித்துவிடுகிறது. கற்றுக்கொண்டதை யாரும் பறிக்க முடியாது என்று நீ எழுதியது சரிதான். நானேகூடப் பறிக்க முடியவில்லை.

ஒரு வரியாவது போடு.

அக்கா


சிறை,
27 அக்டோபர் 2024

அக்கா,

தண்டனை ஏழு வருஷம் என்பது உனக்கு முன்பே தெரிந்திருக்கும். உள்ளே இருந்த காலத்தைக் கழித்தால் நாலரை. மேல்முறையீடு போடலாம் என்கிறார் பாமா மேடம். விசாரணைக்கு வர எத்தனை வருஷம் ஆகும் என்று கேட்டேன். இருமினார்.

நான் ஏன் பதில் போடவில்லை என்று நீ நினைத்துக்கொண்டிருப்பது தவறு. உன் மேல் கோபம் இல்லை. உன்னிடம் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்ல முடியாமல்தான் காகிதத்தை எடுத்து எடுத்து வைத்தேன்.

எனக்கும் கன்னடம் வாசிக்கத் தெரியாது, அக்கா.

பத்தாவதில் மூன்றாம் மொழியில் பாஸ் ஆனது முன்பெஞ்சு பத்ரிநாத் விடைத்தாளைச் சாய்த்து வைத்த புண்ணியம். அதன்பிறகு எல்லாம் இங்கிலீஷ். உன்னை மாதிரியே நன்றாகப் பேசுவேன், உன்னை மாதிரியே ஒருவருக்கும் தெரியாது. கைதான அன்று என் முன்னால் எட்டு காகிதம் வைத்தார்கள். "ஓதிகொண்ட்ரா, லெக்சரர் சாஹேப்ரே?" என்றார் அதே இன்ஸ்பெக்டர். படித்துக்கொண்டீர்களா என்று. அரசியல் பாடம் நடத்துகிறவன், வாசிக்க வராது என்று எப்படிச் சொல்வது? மேலிருந்து கீழே பார்த்தேன். தலையை ஆட்டினேன். எட்டிலும் கையெழுத்துப் போட்டேன். அதில் ஒன்று என் வாக்குமூலமாம்.

குற்றப்பத்திரிகை வந்தபோது எனக்கு அதை வாசித்துக்காட்டியது பக்கத்துப் படுக்கைக்காரர். அந்தக் காகிதங்களில் நானாகப் படித்தது ஒன்றே ஒன்று, இங்கிலீஷில் இருந்த உன் கையெழுத்து. உன்னைத் திட்டி முதல் கடிதம் எழுதியபோது இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினேன். உன்னைப் பிடித்து ஆட்டினால் என்னைப் பார்க்க வேண்டியதில்லை. உன்னைக் கற்றுக்கொள்ள வைத்தது அந்தக் கடிதம். மேடத்திடம் சொல்லாதே என்றதும் நான். நீ அந்தக் கூண்டில் நின்று வாசித்தது என் இரண்டு கடிதங்களை.

வைத்தியரைப் பற்றி எழுத இனி என்னிடம் எதுவும் இல்லை. பச்சை நோட்டை அரசாங்கம் வைத்துக்கொள்ளட்டும்.

தீர்ப்பு நகல் கொடுத்திருக்கிறார்கள். கன்னடத்தில், நாற்பத்தாறு பக்கம். மேடம் சுருக்கமாகச் சொன்னார், இங்கே யாரையாவது வாசிக்கச் சொன்னாலும் வாசிப்பார்கள். எனக்கு அது வேண்டாம். இன்னொரு நகல் உனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். அச்செழுத்துதான். நீ ஒவ்வொரு பக்கமாகப் படித்து எனக்குத் தமிழில் எழுது. முப்பத்தொன்றாம் பக்கத்தில் உன்னைப் பற்றி இருக்கிறதாம், பொய் சொல்கிறவள் என்று. அதையும் தாண்டாமல் எழுது.

முதுகு வலிக்கும், அவசரப்படாதே. மாதம் ஒரு பக்கம் போதும். நாலரை வருஷம் இருக்கிறது.

பீட்டர்